கத்திரிக்காய்க்குக் கமிஷன் கிடையாது

உழுகிறவனுக்கு ஆடிப்பட்டம் உண்டு, தைப்பட்டம் உண்டு. அரசாங்கத்துக்கு இருப்பது ஒரே பட்டம், மார்ச் பட்டம். 31ஆம் தேதிக்குள் பணத்தைச் செலவுக் கணக்கில் ஏற்றாவிட்டால் அது வந்த வழியே திரும்பிப் போய்விடும். அதனால்தான் மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ, சிவகங்கைச் சீமையின் செம்மண் கடப்பாரைக்கும் மசியாமல் இறுகிக் கிடக்கிற நேரமாகப் பார்த்து, ஊருக்கு ஊர் ‘சமுதாயக் காய்கறித் தோட்டம்’ பிறக்கிறது. ஊரணியில் முழங்கால் தண்ணீர் இல்லாத மாதத்தில் தக்காளி நாற்று நடச் சொல்கிறவருக்கு ஒன்று விவசாயம் தெரிந்திருக்கக் கூடாது. இல்லை, விளைச்சலில் அக்கறை இருக்கக் கூடாது. நம்மை ஆள்கிறவர்களுக்கு விவசாயம் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்தல் நேரத்தில் அத்தனை பேரும் விவசாயி மகன்கள்தானே.

அந்தத் திறப்பு விழாவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்த ஊர், எந்த வார்டு என்று பேர் சொல்லவேண்டியதில்லை. காரைக்குடியில் நடந்தாலும் கமுதியில் நடந்தாலும் மாறுவது பந்தல்காரர் மட்டும்தான். பத்து மணி விழாவுக்கு எட்டு மணிக்கே மகளிர் குழுப் பெண்கள் ஒரே நிறச் சேலையில் வந்து வரிசையாக நிற்கவேண்டும். பிரமுகர் பதினொன்றே முக்காலுக்கு வருவார். ஃபிளெக்ஸில் பதினாலு முகங்கள். முகங்கள் போக மிஞ்சிய மூலையில், வடிவமைத்த பையன் இணையத்திலிருந்து இறக்கி ஒட்டிய காய்கறிப் படம்: ப்ராக்கோலி, சிவப்புக் குடைமிளகாய், ஊதா முட்டைக்கோஸ். காரைக்குடிக் கழனிவாசல் மண்ணில் ப்ராக்கோலி எப்போது விளைந்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் சால்வை கிடைக்காது.

குழி முந்தின நாள் சாயங்காலமே வெட்டி, தண்ணீர் ஊற்றி, ஈரம் காயாமல் கோணி போட்டு மூடப்பட்டிருக்கும். மண்வெட்டிக் காம்புக்கு ரிப்பன். தாம்பாளத்தில் நாற்று, பக்கத்தில் சந்தனக் கிண்ணம். முதலில் பெரியவர் நடுவார். கைதட்டல். அடுத்தவருக்கும் படம் வேண்டுமே. நட்ட நாற்றைப் பிடுங்கி அவர் கையில் கொடுப்பார்கள். பிறகு வட்டச் செயலாளர். பிறகு உபயதாரர். நாலாவது ஆள் நடும்போது நாற்றில் வேர் என்று சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. ஆனால் படம் நான்கும் பளிச்சென்று வந்திருக்கும். “அக்கா, பூவாளியக் கொஞ்சம் எறக்கிப் பிடிங்க, அண்ணன் மொகம் மறையுது” என்று படம் எடுப்பவர் சொல்வதுதான் அன்று அந்தப் பெண்களைப் பார்த்துச் சொல்லப்பட்ட ஒரே வார்த்தை. தண்ணீர் எங்கிருந்து வரும், யார் ஊற்றுவது, காய் வந்தால் யாருக்கு, கூலி உண்டா என்று மேடையில் ஏறிய எந்தப் பேச்சிலும் ஒரு வரி கிடையாது. ‘நஞ்சில்லா உணவு’ என்று ஏழு தடவை வரும். அதைச் சொல்லிவிட்டு எல்லோரும் பிரியாணிக்குப் போவார்கள்.

இரண்டு வாரத்தில் ஆடு வந்துவிடும். திட்டத்தை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்ட பயனாளி என்று அரசாங்கம் புள்ளிவிவரத்தில் சேர்க்கத் தகுதியுள்ள ஒரே ஜீவன் அது. ஃபிளெக்ஸ் துணியை யாராவது ஒருவர் கழற்றிக்கொண்டுபோய் அதே ஆட்டுக்குக் கொட்டகை போடுவார். மழைக்கு ஒழுகாது. பதினாலு முகங்களும் ஊருக்கு உருப்படியாகச் செய்த காரியம் அதுதான்.

இப்படிப்பட்ட ஒரு தோட்டத்தின் மதிப்பீட்டை வாங்கிப் பார்த்தால் கோபம் வரும், கூடவே ஒரு தெளிவும் வரும். சுற்றுச்சுவர். இரும்புக் கதவு. நுழைவாயில் வளைவு. பேவர் பிளாக் நடைபாதை. ‘ஐ லவ்’ என்று தொடங்கி ஊர்ப்பேரில் முடிகிற விளக்கெழுத்து. உட்கார சிமென்ட் பெஞ்சு. எல்லாம் இருக்கும், தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட ஓர் ஆளுக்குச் சம்பளம் இருக்காது. காரணம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிமென்டுக்கு டெண்டர் உண்டு. டெண்டருக்குச் சதவீதம் உண்டு. கத்திரிச் செடிக்குக் களை எடுக்கிறவள் யாருக்கு என்ன கொடுப்பாள்? அவளிடம் வாங்கக் கீரைக்கட்டுதான் இருக்கும். அதை வாங்கிக்கொண்டு எந்தப் பில்லில் கையெழுத்துப் போடுவது?

நியாயமாகச் சொல்லவேண்டும்: நல்ல திட்டமே வரவில்லை என்றில்லை. 2021 கடைசியில் ‘முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம்’ வந்தது. நகரத்துக்காரர்களுக்கு மாடித்தோட்டத் தொகுப்பு: செடி வளர்க்கும் பை ஆறு, இரண்டு கிலோ தென்னைநார்க் கட்டி ஆறு, ஆறு வகை விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி ஒவ்வொன்றும் 200 கிராம், வேப்பெண்ணெய் மருந்து 100 மில்லி, ஒரு கையேடு. 900 ரூபாய்ச் சரக்கு மானியம் போக 225 ரூபாய். கிராமத்துக்காரர்களுக்குப் பன்னிரண்டு வகை விதை 15 ரூபாய். எட்டுப் பழ, மூலிகைச் செடிகள் 25 ரூபாய். எடுத்து வைத்தவர்கள் பலர் வெண்டையும் தக்காளியும் பறித்திருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர. மாடித்தோட்டத்துக்கு மாடி வேண்டும். காரைக்குடிச் செக்காலையில் சொந்த வீடு கட்டி, மேலே தண்ணீர்த் தொட்டி வைத்து, மோட்டார் போட்டிருப்பவருக்கு அது மானியம். அதே வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுப்பவளிடம் மாடிச் சாவி இருக்காது. துணி காயப்போடவே வீட்டுக்காரம்மாவிடம் நேரம் கேட்க வேண்டியவள் அங்கே ஆறு பை மண்ணை எப்படி ஏற்றுவாள்? ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருப்பவனுக்கு மேலே இருப்பது சூரியன் மட்டும். காய்கறி விலை ஏறினால் யாருக்கு முதலில் சோறு வெள்ளையாகிறதோ, அவர்களுக்குத்தான் இந்தத் திட்டத்தில் இடமே இல்லை; இடம் என்றால் சதுர அடிக் கணக்கில். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது அரசாங்கம் சென்னையில் 82 ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. நம் ஊரில் தக்காளியைக் கண்ணில் காட்டிவிட்டுத் திருப்பி எடுத்து வைக்கிற ரசம் வந்தது. அப்போது எல்லோரும் ஒரு வாரம் தோட்டத்தைப் பற்றிப் பேசினோம். விலை இறங்கியதும் பேச்சும் இறங்கியது. நமக்குக் காய் என்றால் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் மதுரை மாட்டுத்தாவணியிலிருந்தும் லாரியில் வருவது. லாரி நின்றால் பட்டினி என்பதை மறக்க நமக்கு ஒரு வாரம் போதும்.

சொந்த மாடி இல்லாதவனுக்காகத்தான் ஊர்த்தோட்டம். அதற்கு இடம் எங்கே என்று கேட்பார்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இடம் இருக்கிறது. சட்டம் எழுதி, பத்திரம் பதிந்து, நம் பேரில் வாங்கி வைத்திருக்கிறது.

2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் புரட்டுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனை போட்டு விற்கிறவர், சாலை போக மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சியின் பேருக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கவேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், நிலம் கொடுக்க முடியாதவர் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். இந்தத் திறந்தவெளி விதி 2019இல் புதிதாக முளைத்ததும் இல்லை. பழைய விதிகளிலும் இருந்ததுதான். அலுவலகத்தில் இதற்கு ஓ.எஸ்.ஆர். இடம் என்று பேர். விற்கிறவர் வாயில் ‘பார்க் இடம்’. கணக்குப் போடுங்கள்: நாலு ஏக்கர் லேஅவுட்டில் ரோட்டுக்கு ஒரு ஏக்கர் போனால் மிச்சம் மூன்று. அதில் 30 சென்ட் ஊருக்குச் சொந்தம். வீட்டுக்கு ஒரு சென்ட் பாத்தி பிரித்தால் 30 குடும்பம் கீரையும் கத்திரியும் பறிக்கலாம். காரைக்குடியைச் சுற்றி நாலு திசையிலும் எத்தனை லேஅவுட் என்று பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே போகலாம். கல் நட்டு, சிவப்புக் கொடி கட்டி, பனைமரத்தைச் சாய்த்துவிட்டு ‘கிரீன்’ என்று பேர் வைத்த நகர்கள். 2024இல் காரைக்குடி மாநகராட்சியும் ஆகிவிட்டது. மனை விலை மாநகராட்சிக்கு முன்பே மாநகராட்சி ஆகியிருந்தது.

அந்த 30 சென்ட் என்ன ஆகிறது என்று தமிழ்நாட்டில் எந்த ஊர்க்காரரைக் கேட்டாலும் சொல்வார். முதல் வருஷம் அது விளம்பரத் தாளில் பூங்கா. வாத்து நீந்தும், வெள்ளைக்காரக் குழந்தை ஊஞ்சல் ஆடும். இரண்டாம் வருஷம் புரமோட்டரின் ‘தற்காலிக’ அலுவலகம். மூன்றாம் வருஷம் ஜல்லி, எம்-சாண்ட் கொட்ட வசதியான இடம். நான்காம் வருஷம் மேல்நிலைத் தொட்டி, பக்கத்தில் ஒரு கட்சிக் கொடிக்கம்பம், எதிர்க் கட்சிக்கும் ஒன்று. ஐந்தாம் வருஷம் ஒரு விடியற்காலையில் வேப்பமரத்தடியில் மூன்று செங்கல்; அதன்மேல் பிள்ளையார். ஆற்றங்கரையிலும் அரசடியிலும் ஒரு பைசா வாடகை இல்லாமல் காலகாலமாக உட்கார்ந்திருந்த அந்தச் சாமிக்கு, லேஅவுட்டில் மட்டும் கிரில் கேட்டும் மின் இணைப்பும் திருமண மண்டபமும் வேண்டியிருக்கிறது. மிஞ்சிய துண்டு மட்டும் எப்படியோ ‘47ஏ’ என்று ஒரு மனை எண்ணாகப் பிறந்து, ஈசானிய மூலை என்று கூடுதல் விலைக்குப் போய், பட்டாவோடு வீடாகி நிற்கும். தானம் கொடுத்த நிலத்தை யார் விற்றார், யார் பதிந்தார், யார் வரி போட்டார்? மூன்று அலுவலகம், மூன்று முத்திரை, மூன்று கையெழுத்து. ஒரு முழம் வெள்ளரிக் கொடியை ஊர் இடத்தில் ஓடவிட்டவனை ‘ஆக்கிரமிப்பு’ என்று நோட்டீஸ் கொடுத்துத் தூக்கும் அதே மேசைகள்தான்.

நீதிமன்றம் பேசாமல் இருந்ததா என்றால், இல்லை. பெங்களூரில் திட்ட வரைபடத்தில் பூங்கா என்று குறித்த இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பூங்கா இடம் ஊராருடையது, அதை ஆள்கிறவர் இஷ்டத்துக்குத் தானம் பண்ண முடியாது என்பது அன்று தீர்ந்த விஷயம். சென்னை உயர் நீதிமன்றமும் திறந்தவெளி நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்பாதே என்று சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறது. தீர்ப்பெல்லாம் இருக்கிறது. அமல் படுத்த வேண்டியவர்தான் ஏழாம் வருஷம் ஓய்வு பெற்று, அதே லேஅவுட்டில் மனை வாங்கிக் குடியேறியிருக்கிறார்.

அலுவலகத்தைத் திட்டியது போதும், அடுத்தது நாம். மனை வாங்கிய நாம் புரமோட்டரிடம் “பார்க் இடம் எங்கே?” என்று பத்திரப் பதிவன்று கேட்டோமா? “ரோடு அகலம் எவ்வளவு, கார் திரும்புமா” என்று கேட்டோம். யாராவது ஒருவர் மனம் வைத்து அங்கே கீரைப் பாத்தி போடலாம் என்று ஆரம்பித்தால் நகர்நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பொங்கி எழுவோம். பாம்பு வரும். கொசு வரும். எரு நாறும். இதெல்லாம் சாக்கு. உண்மையான காரணத்தை யாரோ ஒருவர் ராத்திரி பத்து மணிக்குமேல் வாய்தவறி எழுதிவிடுவார்: “கண்ட ஆளுங்க உள்ள வருவாங்க.” கண்ட ஆட்கள் யார்? காலையில் நம் வாசல் கூட்டிக் குப்பை அள்ளும் அக்கா. நம் வீட்டுச் சாந்தைச் சுமந்து மாடி கட்டிய சித்தாள். அவர்கள் உள்ளே வரலாம், வேலைக்கு. பாத்தி பிடிக்க வரக்கூடாது. மூன்று படுக்கையறை வீட்டுக்கு முன்னால் ஏழைப் பெண் ஒருத்தி தன் பீர்க்கங்காயைத் தானே பறிப்பதைப் பார்த்தால் மனை விலை குறைந்துவிடும் என்று பயப்படுகிற ஜனங்கள் நாம்.

ஊருக்குப் பொதுவாக ஒன்று செய்வது நம் ஊருக்குப் புதிதா என்று கேட்டால், பதில் சங்கடமானது. செட்டிநாடு தண்ணீர் இல்லாத சீமை, வற்றாத ஆறு கிடையாது. அதனால் ஓட்டுக்கூரை இறக்கத்தில் விழும் மழையை வளவு முற்றத்தில் பிடித்து, தெருவோரக் கால்வாயில் விட்டு, ஊரணியில் சேர்த்தார்கள். குடிக்க ஒரு ஊரணி, குளிக்க ஒரு ஊரணி. வெயிலைத் தவிர வேறொன்றும் தாராளமாக இல்லாத ஊரில் ஆச்சிமார் வெயிலையே சமையல் சாமானாக்கினார்கள்: கத்திரி வற்றல், கொத்தவரை வற்றல், மாவற்றல். காய் மலிந்த வாரத்தில் அரிந்து காயவைத்து, காய் கிடைக்காத மாதத்துக்கு எடுத்துவைப்பது. ஜாடிக்குள் ஒரு தோட்டமே இருந்தது. வீட்டுக்குப் பின்னால் தெருவரை தோட்டம். எச்சில் தண்ணீர் வாழைக்கும் கருவேப்பிலைக்கும். பர்மா, மலேயா என்று வட்டிக்கடை நடத்திச் சம்பாதித்த பணத்தில் ஊரணியும் வந்தது, பள்ளிக்கூடமும் வந்தது. அழகப்பச் செட்டியார் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 300 ஏக்கரைச் சும்மா கொடுத்த மனிதர் நடந்த மண்ணில் 30 சென்டைத் திருடுகிறோம். திருடுவதிலும் ஒரு பெருந்தன்மை இல்லை; மூன்றடி மூன்றடியாக.

அதற்காகப் பழங்காலத்தைத் தூக்கித் தலையில் வைக்கவும் வேண்டாம். அந்த ஊரணிப் படிகளில் எல்லாச் சாதியும் இறங்க முடிந்ததில்லை. கொடுத்தவர் கொடுத்தார், யாருக்கு, எந்தப் படிவரை என்பதையும் அவரே தீர்மானித்தார். நகர்நலச் சங்கத்தின் ‘கண்ட ஆளுங்க’ அங்கிருந்துதான் இறங்கி வருகிறார்கள். கொடை போய்விட்டது, தீட்டு மட்டும் தங்கிவிட்டது என்றால் அது என்ன பாரம்பரியம்? யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம்பிடித்தன. ஆத்தங்குடித் தரையையும் முட்டைச் சாந்துத் தூணையும் படம் பிடிக்க உலகம் வருகிறது. புள்ளிக்கணக்கில், அதாவது குடும்பக் கணக்கில், பங்கு பிரிந்து, சாவி ஒருவரிடம், வழக்கு இன்னொருவரிடம் என்று பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பின்தோட்டத்தில் கருவேலம் வளர்கிறது. பூட்டாத சில வீடுகள் விடுதியாகி, ‘தோட்டத்தில் பறித்தது’ என்று ஒரு வாழைக்காய்ப் பொரியலுக்குக் கொத்தனார் ஒருநாள் கூலியை வாங்கிக்கொள்கின்றன. தோட்டத்துக் காய்க்கு மவுசு இருக்கிறது என்பது இதிலிருந்து தெரியவேண்டும். சாப்பிடும் ஆள்தான் விமானத்தில் வரவேண்டியிருக்கிறது.

செய்யவே முடியாத காரியம் என்றால் பேசாமல் இருக்கலாம். காரைக்குடியிலிருந்து பத்துக் கிலோமீட்டரில் குன்றக்குடி. அங்கே 1970களில் ஒரு மடாதிபதி, தவத்திரு குன்றக்குடி அடிகளார், ஊர்க்காரர்களையும் பக்கத்து ஆய்வகத்து விஞ்ஞானிகளையும் ஒரே பாயில் உட்காரவைத்துக் கிராமத்துக்கென்று திட்டம் போட்டார். ‘குன்றக்குடித் திட்டம்’ என்று வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துப் படித்துப் போனார்கள். நாம் ஆண்டுதோறும் அவருக்கு விழா எடுக்கிறோம். விழா எடுப்பதற்குத் திட்டம் தேவையில்லை பாருங்கள், மைக் செட் போதும்.

கொஞ்சம் வெளியேயும் எட்டிப் பார்க்கலாம். இங்கிலாந்தில் 1908இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஊரில் ஆறு வாக்காளர்கள் சேர்ந்து ‘காய்கறி போட எங்களுக்குத் துண்டு நிலம் வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தால், உள்ளாட்சி மன்றம் அதைப் பரிசீலித்தே ஆகவேண்டும். தேவை இருக்கிறது என்று தெரிந்தால் இடம் காட்டவேண்டும். ஒரு துண்டு என்பது அவர்கள் கணக்கில் ஏறக்குறைய ஆறேகால் சென்ட். இரண்டாம் உலகப் போரில் லண்டன் கோபுரக் கோட்டையின் அகழியில்கூடப் பாத்தி கட்டினார்கள். (அதே 1908இல் அதே வெள்ளைக்காரன் இங்கே வ.உ.சி.யைப் பிடித்து உள்ளே தள்ளினான். கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்தான். அவன் ஊருக்கு ஒரு சட்டம், நம் ஊருக்கு ஒரு சட்டம். இப்போது ஆள்வது நாமே. இரண்டு சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.) அங்கேயும் காத்திருப்போர் பட்டியல் நீளம்தான். ஆனால் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. இங்கே ஆறு பேர் இல்லை, அறுநூறு பேர் கையெழுத்துப் போட்டு மனுநீதி நாளில் கொடுத்தாலும் ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது’ என்று ஒரு குறுஞ்செய்தி வரும். எங்கே அனுப்பினார்கள் என்பது அனுப்பியவருக்கும் தெரியாது.

பக்கத்தில் இலங்கை. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள், விளைச்சல் விழுந்தது, நவம்பரிலேயே பின்வாங்கினார்கள். அப்புறம் கஜானாவும் காலி. 2022 ஜூனில் அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது: அரசு ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வீட்டுத் தோட்டத்தில் காய் போட. ஆட்சியின் தவறுக்கு ஜனங்கள் மண்வெட்டி பிடிக்கவேண்டும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட அபூர்வமான ஆவணம் அது. இதை இங்கே அமல் படுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் சேர்ந்தால் கொடைக்கானல் ரோட்டில் நெரிசல். தோட்டத்துக்கு வழக்கம்போல அதே மகளிர் குழு அக்காமார்.

ஆமாம், அவர்களிடம்தான் எப்போதும் வந்து முடியும். ‘மக்கள் பங்கேற்பு’ என்று அரசாணையில் வந்தால் அந்த மக்கள், வேறு யாரும் வேலைக்கு வராதபோது வருகிற பெண்கள். கடன் வேண்டுமானால் கூட்டத்துக்கு வா, கூட்டத்துக்கு வந்தால் விழாவுக்கு வா, விழாவுக்கு வந்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்று. கூலி கேட்டால் “இது உங்க தோட்டம்மா” என்பார்கள். அவர்களுடையது என்றால் சாவியைக் கொடுக்கலாமே? சாவி கொடுத்து, வருஷக் குத்தகை எழுதி, பாத்திக்கு ஒரு குடும்பம் என்று பேர் போட்டுக் கொடுத்தால் அந்தத் தோட்டத்தில் ஆடு நுழையாது, அமைச்சரும் நுழையத் தேவையிருக்காது. அதனாலேயே கொடுக்கமாட்டார்கள். குப்பை விஷயமும் இதே கதை. நுண் உர மையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி கையுறை இல்லாமல் நம் சாப்பாட்டு மிச்சத்திலிருந்து நாப்கினையும் பிளேடையும் பிரித்து எடுக்கிறார். அப்படிப் பிரித்து ஆன உரத்தை, ‘இயற்கை உரம், வாங்கிப் பயன்பெறுங்கள்’ என்று நாம் மாடித் தொட்டிக்கு வாங்கிக்கொள்கிறோம். அவர் வீட்டில் செடி வைக்க ஒரு சாண் மண் உண்டா என்று கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, சுமார் 53 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை. ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். திறப்பு விழாவில் எட்டு மணியிலிருந்து வெயிலில் நின்ற அந்த வரிசையை இன்னொரு தடவை பாருங்கள். ஒரே நிறச் சேலையில் இருபது பேர். அதில் பத்துப் பேருக்கு மேல் ரத்தம் குறைவு. ஊட்டச்சத்துத் தோட்டத்தைத் திறந்துவைக்க, ஊட்டச்சத்து இல்லாதவர்களைச் சோறு தண்ணீர் இல்லாமல் நாலு மணி நேரம் நிறுத்திவைக்கிற தைரியம் வேறு எந்த நாட்டு ஜனநாயகத்துக்கு இருக்கிறது?

இனி யாராவது உங்கள் வார்டில் காய்கறித் தோட்டம் திறக்க வந்தால் கைதட்டாதீர்கள். பத்து ரூபாய்க் கோர்ட் வில்லை ஒன்று வாங்குங்கள். வெள்ளைத் தாளில், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 என்று தலைப்பிட்டு, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். எங்கள் உள்ளாட்சி எல்லைக்குள் திறந்தவெளி என்று தானப் பத்திரம் வாங்கிய இடங்களின் சர்வே எண்களும் பத்திர எண்களும் என்ன? ஒவ்வொன்றிலும் இன்று என்ன இருக்கிறது? அங்கே கட்டடம் இருந்தால் யார் பேரில் வரி, யார் பேரில் மின் இணைப்பு? காலி இடமாக இருந்தால், பக்கத்தில் குடியிருக்கும் சொந்த நிலமில்லாத குடும்பங்களுக்குப் பாத்தி பிரித்துக் கொடுக்க எந்த விதி தடுக்கிறது? முப்பது நாளில் பதில் சொல்லவேண்டும். கோப்பு கிடைக்கவில்லை என்பார்கள், கரையான் அரித்தது என்பார்கள், மேல்முறையீடு போடுங்கள். ஒரே வார்டில் ஐம்பது பேர் தனித்தனியாகப் போடுங்கள். கரையானுக்கு அவ்வளவு பசி இருக்காது.

கடைசிக் கேள்வியை மட்டும் தபாலில் அனுப்பவேண்டாம். பக்கத்து வீட்டு அழைப்பு மணியை அடித்துக் கேளுங்கள்: “அண்ணே, உங்க கார் ஷெட் நிக்கிற எடம் யாரோடது?”